பெடல் மெத்தென்று கீழே போனால்

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இன்பொக்ஸில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சேர், முன்னுக்கு ட்ரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட்டோம். பெடல் பஞ்சு மாதிரி கீழே போகுது. என்ன செய்ற?" தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பிரேக் விசயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது வாப்பா விட்டுச்சென்ற மொரிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் வகை. 1971 வரை செய்தார்கள். நம் நாட்டில் இன்றும் எத்தனையோ வீட்டு முற்றங்களில் நிற்கிறது. நல்ல வண்டி. ஆனால் அதன் பிரேக் அந்தக் காலத்துப் பிரேக். நான்கு சக்கரத்துக்கும் ட்ரம், எல்லாவற்றுக்கும் ஒரே ஒயில் லைன். எங்காவது ஓரிடத்தில் லீக் ஆனால் நான்கும் போய்விடும். மிஞ்சுவது ஹேன்ட்பிரேக். அதுவும் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும்.

நாங்கள் இருப்பது மாவனல்லைப் பக்கம். உம்மாவுக்கு மாதம் ஒருமுறை பேராதனையில் கிளினிக். போகும்போது கடுகண்ணாவை ஏற்றம், பிரச்சினை இல்லை. திரும்பி வரும் இறக்கத்தில்தான் சோதனை. முன்னால் லொறி, பின்னால் பஸ், வளைவுக்கு வளைவு மிதிக்க வேண்டும். ட்ரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் நீளும், பிடி குறையும். டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் சூடு சீக்கிரம் தணியும். அதற்காகத்தான் மாற்றினோம்.

வேலை முடித்துக் கார் கைக்கு வந்தபோது பெடல் பாதிக்கு மேல் மெத்தென்று போனது. நாலைந்து தரம் அடித்தால் மேலே வரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி கீழே. கராஜில் சொன்ன பதில்: "ஓட ஓட சரியாகிடும் சேர். பம்ப் பண்ணிப் பண்ணி ஓட்டுங்க." இந்தப் பதிலை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பிரேக் பேட் புதிதாக இருந்தால் பிடி கொஞ்சம் குறைவாக இருக்கும், ஓட ஓடப் படியும். அது உண்மை. ஆனால் மெத்தென்ற பெடல் ஓடுவதால் சரியாகாது. அந்த மாதம் உம்மாவைப் பஸ்ஸில்தான் கூட்டிப்போனேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது வாகனத் திருத்தத்தில் இருக்கிறார். சனிக்கிழமை காலை வந்தார். சாவியைத் தொடுவதற்கு முன் சொன்னார்: "சேர், மொதல்ல பெடல் என்ன சொல்லுதென்டு கேப்பம்."

பெடல் மூன்று விதமாகப் பேசும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, மிதித்தபடி ஒரு நிமிடம் வைத்திருந்தால் மெதுவாகத் தாழ்ந்துகொண்டே போகும். வெளியே லீக் இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளே விடுகிறது.

இரண்டு, கீழே போகும், ஆனால் அடியில் கல் மாதிரி நிற்கும். எங்கோ இடைவெளி அதிகம். பின் ட்ரம் ஷூ எட்ஜஸ்ட் பண்ணாமல் இருக்கலாம். ஓடிய பின் முதல் மிதி மட்டும் கீழே போனால் டிஸ்க் நெளிவா, வீல் பெயாரிங் ஆட்டமா என்று பாருங்கள். அவை பேட்டைப் பின்னுக்குத் தள்ளும்.

மூன்று, ரப்பர் பந்தை மிதிப்பது போல் துள்ளும், பம்ப் பண்ணினால் உயரும். லைனில் காற்று. பழைய ஹோஸ் உப்பினாலும் பெடல் துள்ளும்.

தரம் 11 பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் எழுதும் அதே கதைதான். திரவம் அமுங்காது, அமுக்கத்தை அப்படியே கடத்தும். காற்று அமுங்கும். நம் கால் கொடுக்கும் விசை காற்றுக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடும்.

இடைவெளிக்கும் ஒரு சின்னக் கணக்கு. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 7/8 அங்குலம், பரப்பளவு ஏறத்தாழ 388 சதுர மில்லிமீற்றர். முன் கலிப்பர்களில் 54 மில்லிமீற்றர் பிஸ்டன் நான்கு என்று வைப்போம். ஒவ்வொன்றும் கால் மில்லிமீற்றர் மட்டும் கூடுதலாக நகர வேண்டியிருந்தால், மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 6 மில்லிமீற்றர் அளவு கூடுதலாகப் போக வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் ஐந்து என்றால் காலடியில் அது 3 சென்ரிமீற்றர். கால் மில்லிமீற்றர் அங்கே, 3 சென்ரிமீற்றர் இங்கே.

எங்கள் பெடல் மூன்றாவது வகை. மூன்று ரப்பர் ஹோஸையும் அதற்கான கிளாம்பால் மூடினோம். பெடல் உயரத்தில் உறுதியாக நின்றது. ஆகவே மாஸ்டர் சிலிண்டர் நல்லது. பின் ஹோஸைத் திறந்தபோது கொஞ்சம் இறங்கியது. முன் ஹோஸ்களைத் திறந்ததும் மெத்தென்று போனது. சக்கரத்தைக் கழற்றி டோர்ச் அடித்தார்.

"சேர், இங்க பாருங்க. நிப்பிள் கீழ ஈக்கிது."

இடது கலிப்பர் வலப்பக்கத்தில், வலது கலிப்பர் இடப்பக்கத்தில். போல்ட் துளைகள் பொருந்தியதால் யாரும் கவனிக்கவில்லை. காற்று மேலே நிற்கும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை போத்தல் ஒயில் விட்டு ப்ளீட் பண்ணினாலும் ஒயில்தான் வெளியே வரும், காற்று உள்ளேயே இருக்கும். இரண்டையும் இடம் மாற்றி, புதிய செம்பு வொஷர் போட்டு, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி ப்ளீட் பண்ணினோம்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பின் ஷூவையும் எட்ஜஸ்ட் பண்ணினோம். பெடல் மேலே வந்து நின்றது. ஒரு நிமிடம் முழுப் பலத்தோடு மிதித்தேன், அசையவில்லை.

மைனரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே, தாழ்வாக இருக்கிறது. ட்ரம்முக்காக அதனுள் ஒரு சிறிய வால்வு லைனில் அமுக்கத்தை மிச்சம் வைக்கும். அதை அப்படியே விட்டால் டிஸ்க்கில் பேட் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். சும்மா கழற்றிவிட்டால் கார் நிற்கும்போது கலிப்பரிலுள்ள ஒயில் பின்வாங்கலாம். அப்படியானால் முன் லைனுக்கு 2 பீஎஸ்ஐ, பின் ட்ரம் லைனுக்கு 10 பீஎஸ்ஐ வால்வு தனித்தனியாகப் போடுவது வழக்கம். கிட் வாங்கும்போதே கேளுங்கள்.

பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 புதிதாக 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 155. இறக்கத்தில் கொதித்தால் ஆவிக் குமிழ், மறுபடி பஞ்சுப் பெடல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய போத்தலை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கராஜில் இருந்து காரை எடுக்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் பெடலை மிதித்துப் பிடியுங்கள். தாழ்ந்தாலும் துள்ளினாலும் சாவியைத் திருப்பிக் கொடுங்கள். பாஸ் கோபித்தால் கோபிக்கட்டும். பின்சீட்டில் இருப்பது உங்கள் உம்மா, உங்கள் பிள்ளைகள்.

பழைய கார் வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்றால் பகிருங்கள்.