பூஜ்யத்தையும் எழுத வேண்டும்

இக்கீட்டோஸ் நகரைப் பெருவின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் சாலை கிடையாது. விமானத்தில் போகலாம், இல்லாவிட்டால் ஆற்றில் போகலாம். அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி நவுத்தா. மராஞோன், உக்கயாலி ஆறுகள் கூடி அமேசான் என்று பெயர் பெறுவது அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். அந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவே 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது பக்காயா சமிரியா காப்பகம். ஒரு ஜூலை மாதம், அங்கே விலங்குகளைக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சிப் படகில் தன்னார்வலராக ஏறினேன்.

மராஞோன் தண்ணீர் பால் விட்ட காப்பி நிறம். சமிரியா ஆற்றுக்குள் திரும்பியதும் வறக்காப்பி ஆகிவிடுகிறது. வெள்ளத்தில் ஊறிய இலைகளின் சாயம் அது. அந்தத் தண்ணீரில்தான் குளித்தோம், துணி அலசினோம். குடிக்க மட்டும் கேன் தண்ணீர். சோறு, பொரித்த வாழைக்காய், மீன். இரவில் ஜெனரேட்டர் நின்றதும் தவளைகளின் கச்சேரி தொடங்கிவிடும். துவைத்த சட்டை மூன்று நாளானாலும் காயாது.

படகைக் கரையோரம் ஒரு பெரிய மரத்தில் கட்டியிருந்தார்கள். கொக்காமா இனத்தைச் சேர்ந்த படகோட்டி தினமும் விடிந்ததும் முதல் வேலையாகக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துவார். மழைக்காலம் முடிந்து ஆறு வடிந்துகொண்டிருந்தது. எங்களோடு சேர்ந்து படகும் இரவோடு இரவாகக் கீழே இறங்கியிருக்கும். அவருக்கு நாள்காட்டியே அந்தக் கயிறுதான்.

வேலை எளியது, ஆனால் பொறுமை வேண்டும். விடியற்காலையில் சிறு படகில் போய் ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று மக்காவ் கிளிகளை எண்ண வேண்டும். பகலில் என்ஜினை அணைத்துவிட்டு நீரோட்டத்தோடு மிதந்தபடி இளஞ்சிவப்பு டால்பின்களை எண்ண வேண்டும். இரவில் விளக்கடித்தால் கெய்மன் முதலைகளின் கண்கள் தணல்போலச் சிவக்கும். காட்டுப் பாதையில் மெதுவாக நடந்து, தென்படும் விலங்கு எது, எத்தனை, பாதையிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறிக்க வேண்டும். ஈரத்தில் மை கரைந்துவிடும் என்பதால் எல்லாம் பென்சிலில்தான்.

ஒரு நாள் மூன்று மணி நேரம் நடந்தும் தரையில் ஒன்றும் தென்படவில்லை. கணக்குத் தாளில் அதற்கான கட்டங்களைக் காலியாகவே விட்டுக் கொடுத்தேன். மாலையில் படகிலிருந்த உயிரியலாளர் அம்மையார் அந்தத் தாளோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "காலியாக விட்டால் நீங்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். பூஜ்யம் போட்டால்தான் போனீர்கள், பார்த்தீர்கள், எதுவும் இல்லை என்று அர்த்தம்" என்றார்.

அதன் கனம் மறுநாள் காட்டுக்குள் புரிந்தது. மரங்களின் அடிப்பக்கத்தில் வண்டல் படிந்த கோடு ஒன்று என் தலைக்கு மேலே ஓடியது. வெள்ளம் நின்ற உயரம் அது. 2012-ல் அந்தப் பகுதியில் வரலாறு காணாத வெள்ளம். கிளையிலே வாழும் குரங்குகளுக்குப் பெரிய பாதிப்பில்லை. பெக்கரிப் பன்றி, மான், அகூத்தி போன்ற தரைவாழ் விலங்குகளோ சுருங்கிக்கொண்டே போன மேட்டு நிலங்களில் ஒண்டி, உணவில்லாமல் மடிந்தன. பல பருவங்கள் பெருவெள்ளம் வந்ததில் அவற்றின் எண்ணிக்கை பெருமளவு சரிந்தது. இந்தச் சரிவு எப்படித் தெரிந்தது? என்னைப் போல யார் யாரோ அதே பாதைகளில் ஆண்டுதோறும் நடந்து, காணாததையும் காணவில்லை என்று எழுதிவைத்ததால்தான் தெரிந்தது.

காட்டுக்குப் போகிற எல்லோரும் கண்டதைச் சொல்லவே ஆசைப்படுகிறோம். எனக்கும் டால்பின் முதுகு வெயிலில் மின்னியதைத்தான் வீட்டாரிடம் முதலில் சொல்லத் தோன்றியது. ஆனால் அந்தக் காட்டுக்கு நான் செய்த உருப்படியான உதவி, எதையும் காணாத நாட்களில் செய்ததுதான் என்று நம்புகிறேன்.

கடைசி நாள் நடையிலும் தரையில் ஒன்றும் இல்லை. பென்சிலை அழுத்திப் பூஜ்யம் போட்டேன். இன்னொரு ஜூலையில் யாரோ ஒருவர் அதே பாதையில் நடந்து, அதே கட்டத்தில் 1 என்று எழுதலாம். அந்த ஒன்றுக்கு மதிப்புத் தருவது என் பூஜ்யமாக இருக்கும்.