தலைகீழாய் நின்ற கூம்பு

கப்பலின் நடுவே நின்று பாயைத் தாங்கும் மரத்துக்குச் சங்க நூல்கள் வழங்கும் பெயர் கூம்பு. பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் அச்சொல்லுக்குப் பொருள் சொல்லிவருகிறேன். அக்கூம்பு வானத்தை நோக்கி நிமிராமல், நீருக்குள் தலைகீழாக இறங்கியும் நிற்கக்கூடும் என்று எனக்குக் கற்பித்தவன் என் தமக்கையின் மகன். கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்குப் பயிற்சி அளித்துப் பிழைப்பவன். இலக்கியம் பேசும் இடத்தில் இரும்புக்கடைச் சமாசாரம் பேசுவதை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

பொருள் இதுதான். சறுக்குப் பலகையின் அடியில் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளமுள்ள ஒரு தண்டு. அதை மாஸ்ட் என்கிறார்கள். அதன் நுனியில் விமானத்தின் வடிவில் ஓர் உடல்தண்டு. அதற்கு முன்னொரு சிறகும் பின்னொரு சிறகும். வேகம் கூடியதும் சிறகுகள் நீருக்குள் மேலெழும்ப, பலகை கடலைவிட்டு உயர்ந்து ஓசையின்றிப் பறக்கிறது. ஹைட்ரோஃபாயில் என்னும் இக்கருத்து புதியதன்று. இத்தாலியரான ஃபோர்லானினி 1906இல் மஜோரே ஏரியில் இம்முறையில் படகு ஓட்டினார். தொலைபேசியால் அறியப்பட்ட கிரகாம் பெல்லின் படகு 1919இல் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அலைச்சறுக்குக்கு இதைக் கொண்டுவந்தவர்களுள் ஹவாயின் லேர்ட் ஹாமில்டன் முதன்மையானவர். அவர் ஏறியவை மலையளவு அலைகள். நம் கரையில் இதன் பயன் நேர்மாறானது: பிறர் கரையில் குந்திக்கொண்டு அலுத்துக்கொள்ளும் சின்னஞ்சிறு அலையிலும் இது பறக்கும்.

மருமகன் முதலில் வாங்கியது பிறர் பயன்படுத்திய அலுமினிய மாஸ்ட். எட்டு மாதம் சென்றபின் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். "மாமா, மாஸ்ட் ஆடுது. கார்பன்ல ஒண்ணு வாங்கணும். எழுபதாயிரம் கடனா குடுத்தீங்கன்னா சீசன்ல திருப்பிடுவேன்" என்றான். என் கட்டுரைகளை நூலாக்குவதற்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகை கையிலிருந்தது. அதை அவன் தாயிடமிருந்து அறிந்துதான் வந்திருந்தான். நான் தமிழாசிரியன் அல்லவா! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்லி அனுப்பிவிட்டேன். அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

இரண்டு மாதங்களுக்குப் பின், கரையிலிருந்து வெகுதொலைவில் பறந்துகொண்டிருக்கையில் மாஸ்டின் நுனியிலிருந்து உடல்தண்டு கழன்றது. சிறகுகள் கடலோடு போயின. பலகை தலைகுப்புறக் கவிழ, மாஸ்டின் விளிம்பு அவன் முழங்காலுக்குக் கீழே கிழித்தது. குருதி ஒழுகப் பலகையைப் பற்றிக்கொண்டு நீந்திக் கரைசேர்ந்தான். ஏழு தையல்கள். மருத்துவமனையில் அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதன்பின்னரே அவன் சொன்ன 'ஆடுது' என்ற சொல்லை நான் ஆராயத் தொடங்கினேன். மூன்று வேறு நோய்களை நம் மொழி அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. தண்டு பக்கவாட்டில் வளைவது ஒன்று. கயிறுபோல் முறுகுவது இன்னொன்று. இணைப்பில் பிடி தளர்ந்து அசைவது மூன்றாவது. முதலிரண்டும் இருந்தால் கால் ஒன்று சொல்ல, சிறகு சற்றுத் தாமதித்து வேறொன்று செய்யும். நீளம் இதில் பெரும் பகையாகும். ஒரே குறுக்களவுள்ள தண்டை 75 சென்டிமீட்டரிலிருந்து 85 ஆக நீட்டினால், அதே விசைக்கு வளைவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. தடித்த தண்டு வளையாது. ஆனால் நீரைக் கிழிக்க முரண்டுபிடிக்கும்.

இன்னொரு மயக்கமும் தெளிந்தது. வலிமை வேறு, விறைப்பு வேறு. உயர்ந்த எண்ணிட்ட அலுமினியக் கலவை என்று விலை கூட்டி விற்பார்கள். அது எளிதில் நிலையாக வளைந்துபோகாது என்பது மெய்யே; விறைப்பில் அலுமினியக் கலவைகள் யாவும் ஏறத்தாழ ஒரே குலந்தான். கார்பனிலோ இழைகளை எத்திசையில் அடுக்குகிறார்கள் என்பதே பேச்சு. நெடுக்காக அடுக்கியவை வளைவைத் தடுக்கும். சாய்வாகக் குறுக்கிட்டவை முறுக்கைத் தடுக்கும். ஆகவே 'கார்பன்' என்ற பெயர் ஒன்றையே நம்பிப் பணத்தைக் கொட்டலாகாது.

உடல்தண்டு கழன்றது மூன்றாவது நோயால். அதைக் கண்டுபிடித்தவர் பள்ளியிறுதியைத் தாண்டாத என் மச்சான். மாஸ்டின் நுனியைப் பார்த்தார். திருகுபுரி இருந்த இடத்தில் வெண்மாவு. "நம்ம போட்டு எஞ்சின்ல துத்தநாகக் கட்டி எதுக்கு வச்சிருக்கான்? அது கரையணும், எஞ்சின் கரையக்கூடாது. இதுல கட்டி இல்ல, மாஸ்டே கரைஞ்சிருக்கு" என்றார். எஃகுத் திருகாணி, அலுமினியத் தண்டு, இடையே உப்புநீர்: மின்கலம் ஒன்று தானாகவே அமைந்துவிடுகிறது. அதில் தாழ்ந்த உலோகமான அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுக்கிறது. மருமகனும் குற்றமற்றவனல்லன். கழற்றி மாட்டச் சோம்பி, எட்டு மாதமும் பூட்டியபடியே வைத்திருந்தான்.

கார்பன் மாஸ்டை வாங்கி அலுமினிய உடல்தண்டில் பூட்டிச் செலவைக் குறைக்கலாமே என்றேன். அவன் தலையசைத்தான். கார்பன் தான் துருப்பிடியாது. தன்னைத் தொட்டிருக்கும் அலுமினியத்தை எஃகைப்போலவே அரிக்கும். இணைப்பு முறையும் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு. எனவே மாஸ்ட், உடல்தண்டு இரண்டும் கார்பன், திருகாணிகள் டைட்டானியம். நீளம் 75, நம் கரையின் மணல்திட்டுகளில் அதற்குமேல் இறங்கினால் தரைதட்டும். மிகமிக விறைப்பான இழையால் ஆனதை நான் விரும்பினேன். அது பாறையில் மோதினால் எளிதில் நொறுங்கும் என்று அவன் மறுத்தான். ஆடத் தெரிந்தவன் சொல்லுக்கு அடங்கினேன்.

மாமல்லபுரத்திலிருந்து ஊர் திரும்பவிருந்த ஒரு வெளிநாட்டவரிடம் சிறகுகளோடு கிடைத்தது. புல்லில் பலகையைக் கவிழ்த்து, சிறகைப் பிடித்து இருபுறமும் அசைத்துப் பார்த்தான். இணைப்பில் 'டக்' என்ற ஓசை இல்லை. நுனிக்குழியில் கீறல் தேடி விரலால் தடவினான். நான் 68,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் மாலையில் அவன் முற்றத்தில் ஒரு வாளி நன்னீரோடு அமர்கிறான். திருகாணிகளைக் கழற்றி அலசி, புரிகளில் பசை தடவி, மறுநாளுக்கு எடுத்துவைக்கிறான். நூல் இவ்வாண்டு அச்சேறவில்லை. பழைய அலுமினிய மாஸ்ட், மச்சான் வீட்டுக் கொல்லையில் வலை உலர்த்தும் கயிற்றுக்கு முளையாக நிற்கிறது, இம்முறை நேராக.