தானா பள்ளத்தாக்கில் ஒரு நாள்

ஜோர்தான் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது ஆடைத் தொழிற்சாலைகளும் வீட்டுப் பணிப்பெண் வேலையும்தான். எமது நாட்டுப் பெண்கள் பலர் அங்கு உழைத்திருக்கிறார்கள். அந்நாட்டின் தெற்கே தானா என்றொரு இயற்கைக் காப்பகமும் உண்டு. பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குச் சென்ற எனக்கு அங்கு ஒரு நாள் நடக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

1966இல் உருவான இயற்கைப் பாதுகாப்புக்கான அரச சங்கம் 1989இல் இக்காப்பகத்தை அமைத்தது. 1,500 மீற்றர் உயர மலையிலிருந்து, கடல்மட்டத்துக்கும் தாழ்வான வாதி அரபா பாலைநிலம் வரை இது இறங்குகிறது. 800இற்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இங்குள்ளன.

தானா கிராமத்திலிருந்து பெய்னான் வரை ஏறத்தாழ 14 கிலோமீற்றர். காலையில் வழிகாட்டியுடன் புறப்பட்டோம். மேலே குளிர்காற்று, இறங்க இறங்க வெக்கை. தண்ணீர் கசியும் இடங்களில் எங்கள் கோயில் வளவுகளில் நிற்கும் அதே அலரி பூத்திருந்தது! பெய்னானை அண்டியதும் பண்டைக்காலத்தில் செம்பு உருக்கிய கறுப்புக் கசடுகள் காலில் இடறின. உரோமர் காலத்தில் கைதிகளை அனுப்பி வேலை வாங்கிய சுரங்கங்கள் இவை.

காப்பகம் வந்ததும் ஆடு மேய்க்கக் கட்டுப்பாடுகளும் வந்தன. ஆடுதான் சொத்து என்றிருந்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. வேறு வருமானத்துக்கும் வழி செய்யவேண்டியிருந்தது. தானாவில் பெண்கள் வெள்ளி நகை செய்கிறார்கள், பழங்களை உலர்த்திப் பொதி செய்கிறார்கள். பெய்னானில் தோற்பொருட்களும் மெழுகுதிரிகளும் செய்கிறார்கள். 2005இல் அங்கு திறக்கப்பட்ட விடுதியில் இரவு வெளிச்சம் பெரும்பாலும் அந்த மெழுகுதிரிகளே.

ஆயினும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2021இல் செம்பு அகழ்வதற்காகக் காப்பகத்தின் ஒரு பகுதியை விலக்க அரசாங்கம் முற்பட்டது. சங்கம் அதனை எதிர்த்தது. வேலைவாய்ப்பா, இயற்கையா என்ற விவாதம் நாடெங்கும் எழுந்தது.

தோழியரே, மீள்குடியேறிய எமது கிராமங்களிலும் வன எல்லைக் கற்கள் நடப்படுகின்றன. காடு காக்கப்படத்தான் வேண்டும். ஆனால் விறகு எங்கே பொறுக்குகிறோம், மாடு எங்கே மேய்கிறது, எந்தக் காணியில் எங்கள் கிணறு இருக்கிறது என்பதை நன்கறிந்தவர்கள் நாங்களே. எல்லை பற்றிய கூட்டம் நடக்கும்போது ஆண்களை மட்டும் அனுப்பாமல் நாமும் போய் அதைச் சொல்வோம்.