அல்மாகெல்: பனிமலை அடிவாரத்தில் ஓர் அறபுப் பெயரா?

சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில், இத்தாலிய எல்லையை ஒட்டி, வாலே மாநிலத்தைச் சார்ந்த சாஸ் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் மேல்முனையில், ஏறத்தாழ 1,670 மீட்டர் உயரத்தில் அமைந்த கடைசி ஊர் சாஸ்-அல்மாகெல். நானூறு பேர் அளவில் வாழும் சிற்றூர். எனினும் தனி ஊராட்சி. மக்கள் பேசுவது ஜெர்மன் மொழியின் பழமையான மலைவழக்கு. பிற ஜெர்மானியருக்கே அது எளிதில் விளங்காது. பழைய வீடுகள் லார்ச் மரத்தால் ஆனவை. பல தலைமுறை வெயில்பட்டுக் கறுத்துப் போனவை. தானியக் களஞ்சியங்களைக் குறுங்கால்கள்மீது நிறுத்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் வட்டமான தட்டைக்கல் ஒன்றை வைத்திருப்பர். எலி ஏறினாலும் அந்தக் கல்லைத் தாண்ட இயலாது. எவ்வளவு எளிய உபாயம்!

நம் செவிகளை ஈர்ப்பது இங்குள்ள பெயர்களே. 'அல்மாகெல்' என்பது தங்குமிடம் எனப் பொருள்படும் 'அல்மஹல்' என்றும், அருகிலுள்ள 'அல்லாலின்' நீரூற்றைக் குறிக்கும் 'அல்அய்ன்' என்றும், 'மிஷாபெல்' மலைத்தொடரின் பெயரில் 'ஜபல்' ஒளிந்துள்ளது என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் எழுதினர். இத்தாலிக்குச் செல்லும் கணவாயின் பெயரோ மோன்டே மோரோ. அதனை 'மூர்களின் மலை' என்று பொருள் கொண்டனர்.

இதற்குச் சரித்திரப் பின்னணி இல்லாமலில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தலூசிய முஸ்லிம்கள் தென்பிரான்சின் கடற்கரையில் ஃபிராக்ஸினேட்டம் என்னும் கோட்டையை அமைத்தனர். புவியியலறிஞர் இப்னு ஹவ்கல் அவ்விடத்தைக் குறிப்பிட்டுள்ளார். அங்கிருந்து ஆல்ப்ஸ் கணவாய்கள்வரை அவர்கள் கை நீண்டது. கி.பி. 972இல் குளூனி மடத்தின் தலைவர் மயோலுஸை வாலே பகுதியின் கணவாய் வழியில் சிறைபிடித்து, பெருந்தொகை வெள்ளியை மீட்புப் பணமாகப் பெற்றனர். அதனால் மூண்ட சினமே அடுத்த ஓராண்டுக்குள் கோட்டை வீழக் காரணமாயிற்று. இதனை நாம் பெருமைக்குரிய அத்தியாயமாகக் கொள்வதற்கில்லை.

ஆனால் அவர்கள் சாஸ் பள்ளத்தாக்கில் குடியிருந்தனர் என்பதற்கு ஓர் ஆவணமோ கல்வெட்டோ துணை நிற்கவில்லை. மொழியறிஞர் பலர் அறபு மூலத்தை ஏற்பதில்லை. மிஷாபெல் என்பது எருவள்ளும் கவைக்கோலைக் குறிக்கும் நாட்டுச் சொல் என்பர். அந்தச் சிகரங்களின் உருவமும் அதற்குப் பொருந்துகிறது. ஓசை ஒத்திருப்பதால் மட்டும் உரிமை கோருவது முறையாகாது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

அல்லாலின் என்ற பெயரை அவ்வூரார் மறக்கவொண்ணாத காரணம் வேறு. அப்பெயருடைய பனியாறு முற்காலத்தில் பள்ளத்தாக்கின் குறுக்கே வளர்ந்து ஆற்றை மறிக்கும். தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு கீழுள்ள ஊர்களை அழிக்கும். 1633ஆம் ஆண்டின் வெள்ளம் வயல்களைப் பாழாக்கியது. பின்னர் அதே இடத்தில், ஊரெல்லைக்குள், மாட்மார்க் என்னும் மண் அணையை மனிதர் எழுப்பினர். உயரம் 120 மீட்டர். வேலைக்கு வந்தோரில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி இத்தாலியிலிருந்து வந்தவர்கள்.

அவர்களுடைய குடியிருப்புகளும் பட்டறைகளும் உணவகமும் பனியாற்றின் நேர்கீழே அமைக்கப்பட்டிருந்தன. 1965 ஆகஸ்ட் 30 மாலையில் பனியாற்றின் நுனி முறிந்து, ஏறத்தாழ 20 இலட்சம் கன மீட்டர் பனிக்கட்டி சரிந்தது. 88 பேர் மாண்டனர். அவர்களுள் 56 பேர் இத்தாலியர், 23 பேர் சுவிட்சர்லாந்தினர். உடல்களைத் தோண்டியெடுக்க மாதக்கணக்காயிற்று. வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த கைகள் அவை என்பதை, பொருள் தேடி மகனை வெளிநாடு அனுப்பிய எந்தத் தாய்க்கும் விளக்க வேண்டியதில்லை.

அணை 1967இல் கட்டி முடிக்கப்பட்டது. 1972இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, இச்சரிவை முன்கூட்டி அறிந்திருக்க இயலாது என்று கூறி, குற்றஞ்சாட்டப்பட்ட பதினேழு பேரையும் நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீடு செய்த குடும்பத்தாரின் மனு தள்ளுபடியானது. வழக்குச் செலவில் பாதியை அவர்களே செலுத்த வேண்டுமென்றும் தீர்ப்பாயிற்று.