தீவனத்துக்கும் டெஸ்ட் வேண்டாமா?

சொசைட்டியில் ஊற்றும் பாலுக்குக் கொழுப்பு, எஸ்.என்.எஃப். பார்த்துத்தான் விலை. அந்தப் பாலைத் தரும் தீவனத்துக்கு மட்டும் இன்றும் கண்மதிப்புதான். சோளத்தட்டை ஒடித்து, மென்று பார்த்து வாங்கும் பெரியவர்கள் கொங்குப் பக்கம் உண்டு. அந்த அனுபவத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால், புரதம் எவ்வளவு என்று நாக்கு சொல்லாது.

கோ-4 கம்பு நேப்பியரில் முதல் அறுப்பு 75-80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. எடை கூடட்டும் என்று தள்ளிப்போட்டால் தண்டு முற்றும், நார் ஏறும், புரதம் இறங்கும். ஒரு கணக்குப் பாருங்கள். 20 கிலோ பசும்புல்லில் உலர்பொருள் சுமார் 4 கிலோ. அதில் புரதம் 10 சதவிகிதம் என்றால் 400 கிராம்; 6 சதவிகிதம் என்றால் 240 கிராம்தான். குறைகிற 160 கிராமை ஈடுகட்ட, 20 சதவிகிதப் புரதமுள்ள கலப்புத் தீவனம் 800 கிராம் வேண்டும். ஒரு மாட்டுக்கு, ஒரு நாளைக்கு!

இதை ஒளியால் அளக்கும் கருவி உண்டு. 'நிர்ஸ்' என்பார்கள். காயவைத்துப் பொடித்த தீவனத்தின் மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். புரதமும் நாரும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சுவதால், திரும்பும் ஒளியை வைத்துச் சில நிமிடத்தில் அளவு கிடைக்கும். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் சோளத்தட்டு ரகங்களை இப்படித் தரம் பார்த்திருக்கிறார்கள். ஆனால், ரசாயனச் சோதனை முடிவுகளைக் கொடுத்து முதலில் கருவியைப் பழக்க வேண்டும். தட்டுக்குப் பழக்கியது, காங்கயம் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப்புல்லுக்குச் சரியாகச் சொல்லாது.

கருவி ஊருக்கு வரட்டும். அதுவரை நாள் குறித்து அறுங்கள். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் சேருங்கள். மடியும் கைக்காசும் இரண்டும் தேறும்.