காகிதம் கேட்கும் பொம்மையும் குற்றாலச் சாரலும்



பயணம் போய் வந்தவர்தாம் பயணக் கதை சொல்வது வழக்கம். நானோ, போய் வந்த ஊர் ஒன்றையும் போகாத ஊர் ஒன்றையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்லப் போகிறேன். போய் வந்த ஊர் நமக்கெல்லாம் பழகிய குற்றாலம். போகாத ஊர் ஐரோப்பாவில், நெதர்லாந்து நாட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரம். மதரஸாவுக்கு விடுமுறை. மேற்கே சாரல் தொடங்கிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. நெதர்லாந்தில் பணிபுரியும் என் மைத்துனர் பெருநாளுக்காக மேலப்பாளையம் வந்திருந்தார். "பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போவோம், மச்சான்" என்று அவர்தாம் தொடங்கினார். என் உம்மாவையும் அழைத்தோம். எழுபது வயதைக் கடந்தவர். மேலப்பாளையத்து எண்ணற்ற பெண்களைப் போலவே வாழ்நாளெல்லாம் பீடி சுற்றியவர். மணமான புதிதில் ஒரே ஒருமுறை குற்றாலம் பார்த்தவர். முதலில் மறுத்தார், பிறகு, "சரி, ஒரு தடவை தலையை நனைச்சிட்டு வாறேன்" என்று புறப்பட்டார்.

ரயிலில் ஓர் ஐரோப்பியப் பயணம்

நெல்லைச் சந்திப்பில் காலையில் செங்கோட்டை ரயிலில் ஏறினோம். அந்த இருப்புப் பாதையில் பயணம் செய்யாதவர்கள் ஒருமுறை செய்து பாருங்கள். பேட்டையைத் தாண்டினால் வயலும் வாழையும். சேரன்மகாதேவியைத் தாண்டினால் பொதிகை மலை நம்முடனேயே நடந்து வரத் தொடங்கிவிடும். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே வண்டி தாமிரபரணியைக் கடக்கும்போது, பாலத்தின் ஓசையைக் கேட்டுப் பிள்ளைகள் அனைவரும் சன்னலுக்கு ஓடினர்.

அது வரையில் அவர்கள் தம் மாமாவின் கைப்பேசியை விட்டு அகலவில்லை. அதில் ஓடியவை எஃப்டெலிங் என்னும் கேளிக்கைப் பூங்காவின் காட்சிகள். நெதர்லாந்தின் தென்பகுதியில் காட்ஸ்ஹேவெல் என்ற சிற்றூரில் இருக்கிறது அந்தப் பூங்கா. ஒரு காலத்தில் காலணி தைக்கும் தொழிலாளர் நிறைந்த எளிய வட்டாரமாக இருந்தது அது. நம் மேலப்பாளையத்துக்குப் பீடி எப்படியோ, அவ்வூருக்கு அன்று செருப்பு அப்படி. அங்கே 1952-ஆம் ஆண்டு, அன்டன் பீக் என்ற ஓவியர் வரைந்து கொடுத்த படங்களைக் கொண்டு ஒரு கதைக்காட்டை அமைத்தார்கள். பாட்டிமார் சொல்லும் கதைகளில் வரும் குடிசைகளும் கோபுரங்களும் மரங்களுக்கு நடுவே எழுந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சவாரிகள் சேர்ந்தன. இன்று ஆண்டுக்கு 50 இலட்சம் பேருக்கு மேல் வந்து போகும் இடமாக அது வளர்ந்திருக்கிறது.

எனக்கு வியப்பளித்த செய்தி வேறொன்று. அந்தப் பூங்கா தனி முதலாளி எவருக்கும் சொந்தமன்று. ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். நம் வழக்கில் சொன்னால் வக்ஃபு போன்றது. "பிள்ளைகள் மகிழ்வதற்கும் ஓர் அறக்கட்டளையா?" என்று கேட்டேன். "அதனால்தான் மச்சான், எழுபது வருஷம் கழிந்தும் ஒவ்வொரு மரத்தையும் சொந்த வீட்டு மரம்போலப் பார்க்கிறார்கள்" என்றார்.

கதைக்காட்டில் ஒரு பக்கீர் இருக்கிறார். குழல் ஊதுகிறார், தரையில் துலிப் மலர்கள் பூக்கின்றன. உடனே கம்பளத்தில் அமர்ந்து ஒரு கோபுரத்திலிருந்து மறு கோபுரத்துக்குப் பறந்து போகிறார். இதைக் கண்ட என் உம்மா, "பக்கீர்சா பறக்காராக்கும்! நம்ம ஊருக்கு வாற பக்கீர்சா வெயில்ல நடந்துல்லா வாறாரு" என்றார். பெட்டியில் இருந்த மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள்.

கீழ்த்திசையைப் பற்றிய ஐரோப்பியரின் கனவு அங்கே இன்னும் பெரிதாகவும் உண்டு. 1986-இல் தொடங்கப்பட்ட 'ஃபாத்தா மோர்கனா' என்ற சவாரியில், படகில் அமர்ந்தபடி ஓர் அரபு நகரத்துக்குள் போகலாம். கடைத்தெரு, சிறைக்கூடம், சுல்தானின் அரண்மனை என்று எல்லாம் ஆயிரத்தோர் இரவுக் கதைகளின் சாயலில் கண் முன் விரிகின்றன. "அவ்வளவு அழகு, மச்சான். ஆனால் நகரம் முழுக்க இயந்திரப் பொம்மைகள். சலாம் சொல்ல ஒரு மனிதர் இல்லை" என்றார் மைத்துனர்.

மகன் விரும்பியதோ 'பாரன் 1898' என்ற சவாரியை. 2015-இல் வந்தது. பழைய தங்கச் சுரங்கம் ஒன்றின் கதையைச் சொல்லி நம்மை வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டி உச்சிக்குப் போய், விளிம்பில் தலை குனிந்தபடி ஒரு கணம் நிற்கிறது. கீழே இருண்ட பள்ளம். பிறகு 37½ மீட்டர் ஆழத்துக்கு நேர்குத்தாக விழுகிறது! படத்தில் பார்த்த எனக்கே அடிவயிறு கலங்கியது.

என் பத்து வயது மகளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பூங்காவில் ஆங்காங்கே வாய் பிளந்து நிற்கும் குண்டு மனிதப் பொம்மை ஒன்றையே அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதன் பெயர் ஹொல்லெ பொல்லெ கெய்ஸ். "காகிதம் இங்கே! காகிதம் இங்கே!" என்று டச்சு மொழியில் அது கூவுகிறது. குப்பையை வாயருகே கொண்டு போனால் காற்றோடு உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்கிறது. அதற்கு ஊட்டுவதற்காகவே பிள்ளைகள் தரையில் காகிதம் தேடி ஓடுகிறார்களாம்.

"வாப்பா, நம்ம ஊர்ல இப்படி ஒரு பூங்கா இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கிறது. அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம்" என்றேன்.

அல்லாஹ் அமைத்த பூங்கா

தென்காசியில் இறங்கிக் குற்றாலம் சேர்ந்தபோது சாரல் எங்களை வரவேற்றது. அதை மழை என்று சொல்வதற்கில்லை. பனி என்றும் சொல்ல முடியாது. அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைப் பக்கம் இருக்கும் கணவாய் வழியே நுழைந்து, நம் முகத்தில் தெளித்துவிட்டுப் போகும் நீர்த்தூவல். வெயிலும் சாரலும் மாறிமாறி வரும் அந்தப் பருவத்தைத்தான் நாம் 'சீசன்' என்று ஒரே சொல்லில் அழைக்கிறோம்.

பேரருவியின் முன் நின்றபோது மகன் வாயடைத்துப் போனான். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து சிற்றாறு பாறைமேல் விழுகிறது. அவன் மாமா காட்டிய சுரங்கப் பள்ளத்தைவிட இது உயரம். அத்தனை உயரத்திலிருந்து விழும் நீரின் அடியில் மனிதர் நிற்க முடிவது எப்படி? அதைக் கேட்டவனுக்கு மேலே பார்க்கச் சொன்னேன். இடைவழியில் பாறையிலேயே ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. அதற்குப் 'பொங்குமாக்கடல்' என்று பெயர். உச்சியிலிருந்து வரும் வெள்ளம் முதலில் அதில் விழுந்து, தன் வேகத்தைத் தொலைத்து, பொங்கி வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. ஐரோப்பியப் பொறியாளர்கள் சவாரி வண்டியின் வேகத்தைத் தணிக்கக் கருவி வைக்கிறார்கள். இங்கே படைத்தவன் பாறையிலேயே அதை வைத்திருக்கிறான். சுப்ஹானல்லாஹ்!

பெண்கள் குளிப்பதற்குத் தனியிடம் உண்டு. என் மனைவி உம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கால் மணி நேரத்தில் வருவார்கள் என்று எண்ணினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நீர் சொட்டச் சொட்ட வந்த உம்மாவின் முகத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. "கழுத்துல நாப்பது வருஷ நோவு. யாரோ உக்காந்து பிடிச்சு விட்ட மாதிரி இருக்கு" என்றார். தட்டை மடியில் வைத்துக் குனிந்தே இருந்த கழுத்து அது. அந்தக் கழுத்தின் உழைப்பில்தான் நான் பட்டம் படித்தேன். அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருந்த இந்த இன்பத்துக்கு இத்தனை ஆண்டுகள் அவரை அழைத்து வரத் தோன்றவில்லையே என்று என் உள்ளம் சுட்டது.

நீர் நிறம் மாறும்போது

மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தருவியில் மகனோடு குளித்துக்கொண்டிருந்தேன். வானம் தெளிவாக இருந்தது. திடீரென அருகிலிருந்த முதியவர் ஒருவர், "தண்ணி கலங்குது, வெளியே வாங்க!" என்று கத்தினார். பார்த்தால், பளிங்காக இருந்த நீரில் செம்மண் நிறம். கூடவே இலையும் சுள்ளியும். ஓசையும் கனத்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறிது நேரத்தில் நாங்கள் நின்ற இடம் தெரியவில்லை.

மலைமேல் பெய்யும் மழை நமக்குத் தெரியாது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டியிருக்கலாம். 2024-ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். நெல்லையைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்த வீட்டின் துயரை எண்ணிப் பாருங்கள்.

மைத்துனர் சொன்னார்: அந்தப் பூங்காவில் ஒவ்வொருவர் மடிமேலும் தடுப்புக் கம்பி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஊழியர் கையால் இழுத்துப் பார்த்த பிறகே வண்டி நகருமாம். உயரம் குறைந்த பிள்ளை எவ்வளவு அழுதாலும் ஏற்ற மாட்டார்களாம். இங்கே காவலர் ஊதல் ஊதினால், "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சுகிறோம். தடை விதித்தால் வேறு வழியாக உள்ளே போகப் பார்க்கிறோம். பிள்ளை நம்மிடம் தரப்பட்ட அமானிதம் என்று நான் வகுப்பில் பாடம் நடத்துகிறேன். அந்தப் பாடத்தை நான் படிக்க வேண்டிய இடம் அருவிக்கரையாக இருந்தது.

கேட்க ஆள் வேண்டுமா?

அருவி நீரிலேயே ஒளு செய்து, ஓரமாகத் துண்டை விரித்து லுஹர் தொழுதோம். பிறகு மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த நெய்ச்சோற்றையும் தால்ச்சாவையும் பிரித்தோம். வழியில் வாங்கிய மங்குஸ்தானும் ரம்புட்டானும் இருந்தன. சாரலில் நனைந்த பசிக்கு ஈடான குழம்பு உலகில் இல்லை!

உண்டு முடித்து எழுந்தோம். நான் கைகழுவப் போனேன். திரும்பி வந்தபோது மகள் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். தரையில் எங்கள் பிளாஸ்டிக் தட்டுகள், கோப்பைகள், பழத்தோல்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்ட அதே தட்டுகள்தாம்; கழுவும் சிரமம் வேண்டாம் என்று நானே கடையில் கேட்டு வாங்கியவை. சற்றுத் தள்ளி, வேறொரு குடும்பம் விட்டுச் சென்ற ஷாம்பு உறைகள் ஓடையில் மிதந்தன. அருவியில் சோப்பும் ஷாம்பும் கூடாதென்று நீதிமன்றம் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

"வாப்பா, இங்கே காகிதம் கேட்கிற பொம்மை இல்லையே. எதில போடுறது?" என்றாள் மகள்.

நான் விடை தேடுவதற்குள் உம்மா குனிந்துவிட்டார். ஒவ்வொரு தட்டாக எடுத்து, சோறு கொண்டுவந்த பையிலேயே போட்டார். "கேக்க ஆள் இருந்தாத்தான் போடணுமாக்கும்? நாம பார்க்கலேன்னாலும் பாக்குறவன் இருக்கான்லா" என்றார். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். தூய்மையை ஈமானோடு இணைத்துச் சொன்ன பெருமானார் (ஸல்) அவர்களின் போதனையை நான் எத்தனையோ மேடைகளில் விளக்கியிருக்கிறேன். வெட்கத்தோடு நானும் குனிந்தேன். பின்னர் மைத்துனர், மகன், மனைவி. எங்களுடையது முடிந்ததும் மகள் ஓடைக்குப் போய் அந்த ஷாம்பு உறைகளையும் பொறுக்கி வந்தாள். பை நிறைந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே தென்காசி வரை வந்து தொட்டியில் போட்டோம்.

வாசகப் பெருமக்களே! ஐரோப்பாவில் கதையைக் கொண்டு ஒரு காட்டைச் செய்தார்கள். நுழைவதற்குப் பணம் வாங்குகிறார்கள். ஆயினும் அதைக் கண்ணைப்போல் காக்கிறார்கள். நமக்கோ மலையும் காற்றும் நீரும் கட்டணமின்றிக் கிடைத்திருக்கின்றன. இலவசமாகக் கிடைத்ததற்குக் கணக்கு இல்லை என்று நினைத்துவிட்டோம். குற்றாலத்துக்குப் போங்கள், வீட்டுப் பெண்களையும் முதியோரையும் அவசியம் அழைத்துப் போங்கள். நீர் கலங்கினால் உடனே வெளியேறுங்கள். ஊதல் கேட்டால் வாதிடாதீர்கள். துணிப்பை ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பும் ரயிலில் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். இருட்டில் தாமிரபரணிப் பாலம் வந்தபோது உம்மா மட்டும் விழித்திருந்தார். "அடுத்த வருஷமும் வருவோமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்ஷா அல்லாஹ், வருவோம் உம்மா" என்றேன். அல்லாஹ் அவருக்கு அந்த ஆயுளையும், எனக்கு அந்தச் சொல்லைக் காக்கும் தகுதியையும் தருவானாக! ஆமீன்.