சாவிதானே உடைந்தது!

கடலோரம் குடியிருப்பவர்களுக்கு இரும்பைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எங்கள் திருவொற்றியூரில் ஜன்னல் கம்பிக்குத் தை மாசம் பெயிண்ட் அடித்தால், ஐப்பசிக்குள் அது பொரிப் பொரியாகக் கிளம்பிவிடும். கேட்டுத் தாழ்ப்பாள், தையல் மிஷின் சக்கரம், கிரைண்டரின் திருகாணி என்று எல்லாவற்றையும் உப்புக் காற்று ஒரு கை பார்த்துவிடும். எண்ணூர்ப் பக்கம் போனால் நிலக்கரித் தூளும் கூடச் சேர்ந்துகொள்ளும். இந்தக் காற்றில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய கார் எப்படி இருக்கும்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது 2003ஆம் வருஷத்து மாருதி 800. இரண்டு கை மாறி வந்த வண்டி. வாங்கும்போதே ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். "இன்னொண்ணு எங்கேயோ இருக்கு, தேடிப் பார்த்துக் கொடுக்கிறோம்" என்றார்கள். இன்று வரை தேடிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது! மாருதியின் கதையே ஒரு சாவியில் ஆரம்பித்ததுதான். 1983 டிசம்பர் 14ஆம் தேதி முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கையாலேயே டெல்லிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். 2014 ஜனவரியோடு அந்த மாடல் தயாரிப்பு நின்று போனது. ஆனாலும் எங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் இன்னமும் கார்.

எங்களுக்கு அது ஆடம்பரம் அல்ல. என் மாமியாருக்கு வாரத்தில் இரண்டு நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலையில் போனால் மெஷினில் மட்டுமே நாலு மணி நேரம். முடிந்து எழுந்திருக்கும்போது தலை சுற்றும், வாந்தி வரும். 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது வாஸ்தவம்தான். ஆனால் அந்த நிலையில் இருக்கிறவரை ஸ்டேஷனில் இறக்கி ஏற்ற முடியுமா? ஆட்டோவில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு வந்தால் வீடு வந்து சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். பின் சீட்டில் கால் நீட்டிச் சாய்ந்தபடி வருவதற்குத்தான் இந்த வண்டி. என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. ஆகவே ஓட்டுவது நான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டோல்கேட் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி, மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். சாவியைப் போட்டுத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். கறுப்புத் தலை என் கையில், மீதி பூட்டுக்குள். ஸ்டியரிங்கும் பூட்டிக்கொண்ட நிலை. தள்ளிக்கொண்டு போகலாம் என்றாலும் முடியாது. மறுநாள் வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் நாள்.

பெரிய ஒர்க் ஷாப் ஒன்றுக்குப் போன் செய்தேன். "லாக் செட் முழுசா மாத்தணும் மேடம். இக்னிஷன், ரெண்டு கதவு, டிக்கி எல்லாம் சேர்ந்து 7,500 ஆகும். மூணு நாள். வண்டியைத் தூக்கிட்டு வர தனி சார்ஜ்" என்றார்கள். எனக்குப் பகீரென்றது. வண்டியை விற்றாலே ஐம்பதாயிரம் தேறுமா என்பது சந்தேகம். மாதக் கடைசி வேறு. ஊசி, மருந்து, பெண்ணின் காலேஜ் பஸ் பணம் எல்லாம் போக வீட்டில் இருந்தது இரண்டாயிரத்துச் சில்லறை. கணவரிடம் போனில் சொன்னேன். "இப்ப ஒண்ணும் முடிவு பண்ணாதே, காலையில பார்த்துக்கலாம்" என்றார். மருந்துக் கடைக்காரரிடம் வண்டியை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஆட்டோவிலேயே மாமியாரை அழைத்துப் போனோம். "எனக்காக இவ்வளவு செலவு வேணாம்மா, ஒரு நாள் விட்டா என்ன?" என்று வழியெல்லாம் அவர் புலம்பிக்கொண்டே வந்தார். ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அதனால் நான் பதில் பேசவில்லை.

மெஷினில் படுக்க வைத்த பிறகு, காசிமேட்டிலிருந்து வந்திருந்த நாத்தனாரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம், பிளாட்பாரத்தில் குடை நிழலில் சாவி போடும் பாய் ஒருவர் உண்டு. வீட்டு பீரோவுக்கு ஒரு தடவை அவர்தான் சாவி செய்து கொடுத்தார். பர்ஸிலிருந்த உடைந்த தலையை எடுத்துக் காட்டினேன். ஒர்க் ஷாப்பில் சொன்னதையும் சொன்னேன்.

"இன்னாம்மா இது? சாவிதானே உடைஞ்சிருக்கு, பூட்டு உடையலையே!" என்றார் பாய்.

பாருங்கள், எத்தனை சின்ன வாக்கியம்! ராத்திரி முழுக்க எனக்கு இது தோன்றவில்லை. போனில் பேசியவரும் கேட்கவில்லை. நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'இக்னிஷன் போச்சு' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே இருப்பவை மூன்று தனித்தனிச் சமாசாரங்கள். ஒன்று சாவி. இரண்டாவது, சாவி நுழைகிற உருளைப் பூட்டு. மூன்றாவது, அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கிற மின்சார சுவிட்ச். இதில் எது போயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் மூன்றுக்கும் பணம் கட்டுவது, குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அடுப்பையே மாற்றுவது போலத்தான்.

பாய் தன் பையிலிருந்து ஒரு பழைய பூட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே வரிசையாகப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங். சரியான சாவி போனால் அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி எல்லாத் தகடும் உருளையோடு மட்டமாக உட்கார்ந்துவிடும், உருளை திரும்பும். ஒரே ஒரு தகடு துருத்திக்கொண்டு நின்றாலும் திரும்பாது. வருஷக்கணக்கில் உபயோகித்தால் சாவியின் பல் தேயும். தேய்ந்த சாவியால் தகடு சரியாக உட்காராது. நாம் கொஞ்சம் அழுத்தித் திருப்புவோம். அந்த அழுத்தமெல்லாம் சாவியின் கழுத்தில்தான் விழும். கண்ணுக்குத் தெரியாமல் அங்கே ஒரு கீறல் விட்டு, ஒரு நாள் முறியும். என் சாவி முறிந்ததும் அதே கழுத்தில்தான்.

கிளம்புவதற்கு முன் பாய் கேட்டது என்ன தெரியுமா? "ஆர்.சி. புக் வண்டியிலே இருக்குதாம்மா? பார்க்காம நான் கை வைக்க மாட்டேன்." எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கேள்வி கேட்காமல் கார்ச் சாவி செய்து கொடுக்கிறவர் நாளைக்குத் திருடனுக்கும் செய்து கொடுப்பார். போனிலிருந்த நகலைக் காட்டிய பிறகுதான் டி.வி.எஸ். வண்டியைக் கிளப்பினார். நான் பின்னாலேயே ஷேர் ஆட்டோ பிடித்தேன். அப்போது மணி ஒன்பது.

உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை எடுப்பதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். பாய்க்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதலில் துவாரத்தைப் பார்த்து, "நல்லவேளை, சாவி போட்ட நிலையிலேயே நிக்குது" என்றார். பாதி திரும்பிய நிலையில் முறிந்திருந்தால் தகடுகள் துண்டைக் கவ்விக்கொள்ளுமாம். மெல்லிய திருப்புளியால் உருளையைப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் இழுத்தால் வராதாம். கொஞ்சம் ஸ்பிரே அடித்தார். பத்தர்கள் நகை அறுக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நூல் போன்ற வாள் இழை ஒன்றைத் துண்டின் ஓரமாகச் செலுத்தி, அதன் பல்லில் கொக்கி மாதிரி மாட்டி, மெதுவாக இழுத்தார். ஸ்டியரிங்கை லேசாக அசைக்கச் சொன்னார். துண்டு வந்துவிட்டது!

வேடிக்கை பார்க்கக் கூடியவர்களில் ஒருவர், "பெவிகுவிக் தடவி, மீதிச் சாவியை ஒட்டி இழுத்தா வந்துடும் பாய்" என்று யோசனை சொன்னார். பாய் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படி ஒட்டப் போய்ப் பசை தகடுகளுக்குள் இறங்கினால் அப்புறம் பூட்டையே மாற்றத்தான் வேண்டும். 800 ரூபாய் வேலை 7,500 ஆகிற வழி அதுதான்.

இரண்டு துண்டையும் ஒரு பலகையில் சேர்த்து வைத்து, பல் வெட்டாத வெறும் சாவியில் அளவெடுத்தார். அப்படியே நகல் எடுக்கவில்லை. தேய்ந்த சாவியை நகல் எடுத்தால் புதுச் சாவியும் தேய்ந்த சாவிதானே! பல்லைக் கொஞ்சம் உயரமாகவே விட்டு, போட்டுப் பார்த்து, அரத்தால் ராவி, மறுபடி போட்டுப் பார்த்து, ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி திரும்பியது. என்ஜின் கிளம்பிய சத்தம் அன்றைக்கு எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது. அதே அளவில் இன்னொரு சாவியும் செய்யச் சொன்னேன். வந்து துண்டு எடுத்ததற்கு 500, இரண்டு சாவிக்கு 300. மாமியார் மெஷினிலிருந்து எழுந்திருப்பதற்குக் கால் மணி நேரம் முன்னதாக ஸ்டான்லி வாசலில் வண்டியோடு நின்றேன்.

எல்லாக் கோளாறுக்கும் பிளாட்பார வைத்தியம் போதும் என்று சொல்லமாட்டேன். சாவி நன்றாகத் திரும்புகிறது, ஆனால் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் பாட்டரியையோ பின்னால் இருக்கிற சுவிட்சையோ பார்க்க வேண்டும். சாவியே திரும்பவில்லை என்றால், முதலில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் அசைத்தபடி திருப்பிப் பாருங்கள். பல தடவை ஸ்டியரிங் பூட்டின் இறுக்கம்தான் காரணம். அப்படியும் மசியவில்லை என்றால் உருளைப் பூட்டில் கோளாறு. பூட்டு முழுவதையும் ஸ்டியரிங் தண்டிலிருந்து கழற்றுவது சுலபமல்ல. திருடன் கழற்றக் கூடாது என்பதற்காக, முடுக்கியதும் தலை முறிந்துவிடுகிற போல்ட்டுகளைப் போட்டிருப்பார்கள். கூலி அதிகமாவது அதனால்தான்.

இப்போதைய கார்களில் சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அந்தச் சிப்பை அடையாளம் கண்டுகொண்டால்தான் என்ஜின் ஓடும். வெறும் உலோகத்தை வெட்டி வைத்தால் பூட்டு திரும்பும், வண்டி கிளம்பாது. ஆகையால் அந்த மாதிரிச் சாவி உடைந்தால் தலையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சிப் நன்றாக இருந்தால் அதையே புதுச் சாவிக்குள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். செலவில் பெரும் பகுதி மிச்சம்.

புதுப்பேட்டையில் பழைய பூட்டு மலிவாகக் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். ஆனால் அது வேறு வண்டியின் பூட்டு. கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று ஆகிவிடும். தெரிந்த ஆளாக இருந்தால் உள்ளிருக்கும் தகடுகளை மாற்றி அடுக்கி, உங்கள் பழைய சாவிக்கே பொருத்திக் கொடுப்பார். பில் கேட்டு வாங்குவது முக்கியம்.

நம் வீடுகளில் பூட்டு என்றால் உடனே தேங்காய் எண்ணெய்தான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மாதிரிக் கனமான பூட்டு எண்ணெயைத் தாங்கும். கார்ப் பூட்டின் மெல்லிய தகடுகள் தாங்காது. எண்ணெயில் கடற்கரை மணலும் கரித்தூளும் ஒட்டிக் களிம்பாகிவிடும். பதிலுக்குப் பிள்ளைகளின் பென்சிலை எடுத்துச் சாவிப் பல்லில் கறுக்கத் தேய்த்து, நாலைந்து தடவை போட்டு எடுத்தால் போதும். பென்சில் முனையில் இருக்கும் கிராபைட் வழுவழுப்புக் கொடுக்கும், தூசியை இழுக்காது.

இன்னொன்று, சாவிக்கொத்து. அந்தக் காலத்தில் மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்கு அது வந்தால்தான் வீட்டு அதிகாரம் கை மாறியதாக அர்த்தம். (சாவி என்ற சொல்லே போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்ததுதான். அதற்கு முன் நமக்குத் திறவுகோல்.) இடுப்பில் எத்தனை தொங்கினாலும் அழகுதான், காரில் அப்படித் தொங்கவிடக் கூடாது. ஓடும்போது கொத்து ஆடி ஆடிப் பூட்டைத் தேய்க்கும். இதற்கு மேலும் போகும் ஆபத்து. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014இல் ஏறக்குறைய 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் இக்னிஷன் சுவிட்ச் தளர்வாக இருந்ததால், கொத்தின் கனத்திலோ ஒரு குலுக்கலிலோ சாவி தானாகத் திரும்பி, ஓடுகிற வண்டியின் என்ஜின் நின்றுவிட்டது. ஏர்பேக்கும் விரியவில்லை. 124 பேர் இறந்ததாக நஷ்ட ஈடு கொடுத்தபோது ஏற்றுக்கொண்டார்கள். சுவிட்ச் மாற்றும் வரை சாவியைத் தனியாக மட்டும் உபயோகியுங்கள் என்று அந்தக் கம்பெனியே சொல்ல வேண்டி வந்தது.

சாவி உடையாமல் தொலைந்து போனால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். கார் திருட்டுப் போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது எல்லாச் சாவியையும்தான். நான் பாயிடம் ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் எழுதி வாங்கி, முறிந்த துண்டுகள் இரண்டோடு சேர்த்து ஆர்.சி. கவரில் வைத்திருக்கிறேன்.

புதுச் சாவியில் இப்போது ஒரு சிவப்பு நூல் மட்டும்தான். இரண்டாவது சாவி காசிமேட்டில் நாத்தனார் வீட்டில், சாமி அலமாரி ஆணியில் தொங்குகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து நிமிஷ தூரம்.